ராத்திரிக்கு 3,623 ரூபாய்!

பெரம்பலூரில் துறையூர் பஸ் ஏறி, 'குரும்பலூர் ஒண்ணு' என்று டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பாக்கெட்டில் போடுவதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். அவ்வளவு பக்கம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம், இடையிடையே பருத்தி, சின்ன வெங்காயம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பச்சைமலை. பேரூராட்சி என்று போர்டு உண்டு. காலை பஸ்ஸில் தொங்குவதற்குக் காலேஜ் பையன்களும் உண்டு. வேறு விசேஷம் கிடையாது... 2021 ஜூன் வரைக்கும்.

இப்போது ஊருக்குள் வந்து எங்கள் வீட்டைக் கேட்டால் யாரும் என் பேரைச் சொல்ல மாட்டார்கள். 'பத்திரிகையில எழுதுறாரே' என்று சொல்வார்கள் என்று நானும் பத்து வருஷமாகக் காத்திருக்கிறேன். ஊஹூம். 'அந்த ஆஸ்பத்திரி வேன் நிக்குமே, வேப்ப மரத்தடி, அந்த வீடுதான்!'

ஆஸ்பத்திரி வேன் இல்லை சார் அது. கேரவன்! படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்த ஓடும் வீடு. 2005 மாடல் டெம்போ டிராவலர். வெள்ளை பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருப்பதால் வந்த வினை. வாங்கின மறுநாளே ஒரு பாட்டி வந்து கதவைத் தட்டி, 'பிரஷர் பாக்கணும் தம்பி' என்று கையை நீட்டினார். தேர்தல் நேரத்தில் பறக்கும் படை என்று நினைத்து ஒருத்தர் பைக்கைத் திருப்பிக்கொண்டு ஓடினார். அவர் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மாதச் சம்பளம் இல்லாத ஒரு பி.காம். பட்டதாரிக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி தினமும் கேட்கிறாள். பதில் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருக்கிறது.

என் அப்பா முப்பது வருஷம் லோடு லாரி ஓட்டியவர். குவாஹாட்டியிலிருந்து குஜராத் வரைக்கும் ரோடு அத்துப்படி. கேபினிலேயே தூங்கி, லாரி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கி வாழ்ந்த மனிதர். 2020-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல். காரில் அரை மணி உட்கார்ந்தால் இடுப்பு வலியில் அழுதுவிடுவார். இந்தியாவையே அகலமாகப் பார்த்தவர் எட்டு மாதம் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் என் மச்சான் (தங்கை வீட்டுக்காரர், எல்லா வம்பையும் கொண்டுவருபவர்) சொன்னார்: 'நாமக்கல்ல ஒரு கேரவன் வருது. 3,25,000. படுத்துக்கிட்டே போகலாம்!'

படுத்துக்கிட்டே போகலாம் என்ற ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

வாங்கியவுடன் நான் செய்த முதல் காரியம், 192 பக்க நோட்டு ஒன்று வாங்கி இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டது. நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். வலது பக்கத்தில் இன்று வரை ஒரு எழுத்து கூட விழவில்லை.

2021-22: ரூ. 61,400
2022-23: ரூ. 38,250
2023-24: ரூ. 1,12,700
2024-25: ரூ. 44,900

மொத்தம் 2,57,250. டீசல் இதில் சேராது. அதைச் சேர்த்துக் கூட்டும் தைரியம் எனக்கு இல்லை. இந்த நாலு வருஷத்தில் நாங்கள் வண்டியில் தூங்கியது 71 ராத்திரி. வகுத்தால் ராத்திரிக்கு 3,623 ரூபாய்! 'திருச்சியில இந்தக் காசுக்கு ஏ.சி. ரூம் போட்டு, காலையில இட்லி, வடை, பொங்கலும் குடுப்பான். யாரும் அடியில படுத்து ஆயில் சொட்டுதான்னு பாக்க வேண்டாம்' என்பது வீட்டம்மாவின் தணிக்கைக் குறிப்பு.

காலேஜில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: ரிப்பேர் என்பது வருவாயினச் செலவு. இன்ஜினையே பிரித்துப் புதுப்பித்தால் அது மூலதனச் செலவு. என் மனைவிக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. இரண்டுக்கும் அவள் வைத்திருக்கும் ஒரே தலைப்பு: தண்டச் செலவு.

ஓடும் வீடு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது சார். வாங்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும். பஸ்ஸும் லாரியும் ஓடி ஓடித் தேயும். கேரவன் நின்று நின்றே கெடும்! வருஷத்தில் பாதிக்கு மேல் மரத்தடியில் நிற்கிற வண்டி. டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ஆனால் பக்கவாட்டில் வெயில்பட்டு வெடிப்பு விட்டிருக்கும். எங்கள் மாவட்டத்திலேயே, நாரணமங்கலத்தில், எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. அதனால் என்ன? டயர் விலை எனக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். பேட்டரி ஓடாவிட்டால் தூங்கிவிடும். அதுவும் கேரவனுக்கு இரண்டு சம்சாரம் போல இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினை எழுப்ப, இன்னொன்று ஃபேனுக்கும் லைட்டுக்கும். ஒன்றைக் கவனித்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். பிரேக் சிலிண்டர் நின்ற இடத்திலேயே துருப்பிடித்து இறுகும். பாதி காலியாக இருக்கிற டீசல் டேங்கில் ராத்திரிக் குளிருக்குத் தண்ணீர் வேர்த்து, டீசலோடு கலந்து, பம்ப்பையும் நாசிலையும் அரிக்கும். இதை நான் தெரிந்துகொண்டது 31,500 ரூபாய் கொடுத்த பிறகு. இப்போது நிறுத்தும்போது டேங்கை நிரப்பித்தான் நிறுத்துகிறேன்.

அப்புறம் கூரை. வீடென்றால் ஓடு மாற்றலாம். இது தகரமும் ஃபைபரும் சேர்ந்த கூரை. இரண்டும் ஒட்டுகிற இடத்தில் வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் சிலிக்கான் பூச வேண்டும். பூசினேன். ஆனால் குரும்பலூரில் மயில் என்று ஒரு ஜீவன் இருக்கிறது. முருகனுக்கு வாகனமாக இருந்தால் போதாதா? என் வாகனத்தின் மேல் ஏறி நின்று நடனமாடி, அந்த சிலிக்கானைக் காலால் கிளறிச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறது. மயிலை ஒன்றும் செய்ய முடியாது, தேசியப் பறவை. நாம் ஒன்றும் செய்யக் கூடாது என்பது அதற்கும் தெரிந்திருக்கிறது.

கூரையில் மயில் என்றால் தரையில் எலி. சுற்றிலும் மக்காச்சோளம், கேட்க வேண்டுமா? அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு எங்கள் வேனுக்குக் குடிவந்துவிடும். ஒயரைக் கடித்ததில் ஹாரன் அடித்தால் வைப்பர் ஓட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஒரு யோசனை சொன்னார்: 'சும்மாதானே நிக்குது, என் சின்ன வெங்காயத்த பத்து மூட்டை உள்ள போட்டுக்கறேன். அந்த வாடைக்கு எலி வராது.' போட்டார். எலி வந்தது. வெங்காய வாடையும் வந்தது, போகவில்லை. அந்த வருஷம் நாங்கள் எங்கே போய் இறங்கினாலும் எதிரில் வருகிறவர்கள், 'சாம்பாருங்களா?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்கள். பெரியப்பாவின் பட்டறையில் வெங்காயம் அழுகாமல் இருந்தது. என் வேனில் தரைப் பலகை ஊறிவிட்டது. 2023-ல் தரைத் தகடு துருப்பிடித்து டிங்கரிங் பார்த்தது 38,000. அதே வருஷம் கிளச் செட் 16,800. மீதி 26,400-க்குச் சின்னச் சின்னதாகப் பட்டியல் இருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் பிளக், பின்பக்கப் பட்டையில் ஒன்று ஒடிந்தது (அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலை டிப்பர்கள் ஓடுகிற ரோட்டில் போய்ப் பாருங்கள், உங்களுக்கே ஒடியும்), இத்யாதி.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வருத்தப்படாமல் இருக்கக் கொஞ்சம் படித்தேன். உல்லாசப் பயணத்துக்கென்றே முதல் முதலாக ஒரு கேரவன் செய்யச் சொன்னவர் என்று கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டரைச் சொல்கிறார்கள். 1885-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் செய்த வண்டி. எடை இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரை. கூடவே வண்டிக்காரர், வேலைக்காரர், நாய், கிளி. ஆக, அவருக்கும் நின்றாலும் செலவு, ஓடினாலும் செலவு. கொள்ளு விலை என்னவோ, பாவம்.

நம்ம பக்கத்தில் பிரமாதமான கேரவன் என்றால் என்.டி.ராமராவுடையதுதான். 1982-ல் தெலுங்கு தேசம் ஆரம்பித்து, பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக்கி, 'சைதன்ய ரதம்' என்று பேர் வைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரா முழுக்கச் சுற்றினார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் வண்டியோடுதான். 1983 ஜனவரியில் முதலமைச்சர்! ஒரு பழைய வேன் அவருக்கு ஒரு மாநிலத்தையே வாங்கிக் கொடுத்தது. என் வேன் எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு நகைக்கடன் ரசீது.

பெயர் இல்லாமல் கேரவனில் வாழ்கிறவர்களும் நம்மிடம் உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகிற போர்வெல் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் சுற்றுவார்கள். லாரிதான் வீடு, லாரிக்கு அடியில்தான் அடுப்பு. அவர்களிடம் போய் 'கேரவன் சுற்றுலா' என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் வண்டி வாங்கின மூன்றாம் மாதம், 2021 செப்டம்பரில், கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. என்னைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று ஊரில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் நம்பவில்லை.

சரி, முதல் பயணம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று அம்மா சொன்னாள். போனோம். செவ்வாய்க்கிழமை! அந்தக் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும் என்பது பெரம்பலூர் மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தவிர. வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு அப்படியே சாத்தனூர் போனோம். அங்கே வயல்வெளிக்கு நடுவே ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், 12 கோடி வருஷத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் இங்கெல்லாம் கடல். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்கிற புவியியல் அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னார். கிளம்பும்போது வண்டி கிளம்பவில்லை. பேட்டரி. ராத்திரி முழுக்க அந்தக் கல்மரத்துக்குப் பக்கத்தில் கிடந்தோம். 12 கோடி வருஷம் ஆகியும் அதற்கு ஒரு வேலி மட்டும்தான் செலவு. பதினாறு வயசு வண்டிக்கு நான் மறுநாள் 7,200 கொடுத்துப் புது பேட்டரி மாட்டினேன்.

ஆனால் அந்த ராத்திரி ஒன்று நடந்தது. பின்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அப்பா படுத்தபடியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, 'நட்சத்திரம்' என்றார். எட்டு மாதத்தில் வலி, தண்ணி, போதும் தவிர அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அதற்கப்புறம் அவர் வண்டிக்குச் சீஃப் மெக்கானிக் ஆகிவிட்டார். படுத்துக்கொண்டே இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். ஒரே ஒரு வார்த்தை வரும். 'பெல்ட்டு.' நிறுத்திப் பார்த்தால் ஃபேன் பெல்ட் நார்நாராக இருக்கும். 'பேரிங்கு.' இருக்கும். பெரம்பலூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன், நான் வண்டியைக் கொண்டுபோனால் முதலில் கேட்பது, 'ஐயா என்ன சொன்னாரு?' அதற்கப்புறம்தான் ஸ்பேனர் எடுப்பார். நாலு வருஷத்தில் அவர் சொல்லி ஒன்றுகூடத் தப்பானதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2024 டிசம்பரில் காரைவெட்டி போனோம். அரியலூர் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயம். அந்த வருஷம் ஜனவரியில்தான் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்திருந்தது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, விடியற்காலையில் பின்கதவைத் திறந்தால் பனி, தண்ணீர், பட்டைத்தலை வாத்துக் கூட்டம். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டிப் பறந்து வருகிற வாத்துகள். அப்பா இடது கையைத் தூக்கி, 'லோடு இல்ல' என்றார். எம்ப்டியா வருதுங்க என்கிறார்! அம்மா சிரித்ததில் டீ புரையேறியது. என் மனைவி அன்றைக்கு 3,623-ஐப் பற்றிப் பேசவில்லை.

2025 ஆகஸ்ட் வந்தது. இதுவும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். என் வண்டிக்கு ஆர்.சி.யிலேயே 'கேம்பர் வேன், சொந்த உபயோகம்' என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். சாதாரண வேனை வாங்கி உள்ளே நம் இஷ்டத்துக்குக் கட்டில் அடித்தால் சிக்கல். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. இந்த வகை வண்டிகளுக்கு ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் 1 முதல் 5,000. இருபது வயசு தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் புது அறிவிப்பு. என் வண்டியின் ஆர்.சி. முடிவது எப்போது? 2025 அக்டோபர்! இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா? பசுமை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. ஆய்வுக்குக் கொண்டுபோக பெயின்ட், பிரேக், லைட் என்று மெக்கானிக் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 34,000.

'வித்துடலாங்க' என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டும், நகை இன்னும் கடனில் இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஒரு பார்ட்டி வந்தார். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறவராம். சுற்றிச் சுற்றிப் பார்த்து, 1,90,000 என்றார். நான் உள்ளே போய் நோட்டை எடுத்தேன். வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் தேய்மானம் கழித்தால், நாலு வருஷத்தில் 3,25,000-க்கு ஏட்டு மதிப்பு 1,69,652. 1,90,000-க்கு விற்றால் 20,348 ரூபாய் லாபம்! ரிப்பேருக்குப் போட்ட இரண்டரை லட்சம் அந்தக் கணக்கில் வராது. அதுதான் சார் பி.காம். படிப்பின் அழகு.

அப்பாவைத் திண்ணையில் சாய்வாக உட்கார வைத்திருந்தோம். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? பார்ட்டி வண்டியை எடுத்து துறையூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து இறங்கினார். முகத்தில் திருப்தி. அட்வான்ஸுக்குப் பையில் கை விட்டார்.

அப்போது திண்ணையிலிருந்து குரல் வந்தது.

'கிளச்சு.'

பார்ட்டி திரும்பினார். 'என்னங்க ஐயா?'

'கிளச்சு... போச்சு.'

'ஐயா யாரு?' என்று பார்ட்டி என்னைக் கேட்டார். முப்பது வருஷ லாரி டிரைவர், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், இதுவரை தப்பியதில்லை என்று உளறினேன். அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை மாதிரி! பையிலிருந்து கை வெளியே வந்தது, பணம் வரவில்லை. அவர் மறுபடி வண்டியில் ஏறி, கிளச்சை மிதித்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். 'ஆமா, ஏதோ ஒரு சத்தம் இருக்கத்தான் செய்யுது. இன்ஜின்ல வேற என்னென்ன இருக்கோ. 1,40,000-ன்னா பாக்கலாங்க' என்றார்.

1,40,000 என்றால் ஏட்டுப்படி 29,652 நஷ்டம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் வாயை டவலால் துடைத்துவிட்டு, 'காபி குடிக்கிறீங்களா மாமா?' என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வண்டியைப் பெரம்பலூர் கொண்டுபோனேன். 'கிளச்சு போச்சுன்னு அப்பா சொல்றாருண்ணே.' மெக்கானிக் அண்ணன் எப்போதும்போல மறுபேச்சு இல்லாமல் அடியில் படுத்து, கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். அரை நாள் வேலை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

'தம்பி, நாமதான போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புது செட்டு போட்டோம்? பிளேட்டு அப்படியே இருக்கு. இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும். ஐயா நிஜமாவே கிளச்சுன்னாரா?'

'ஆமாண்ணே.'

'எப்ப சொன்னாரு?'

சொன்னேன். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். 'கிளச்சுல ஒண்ணும் இல்லையாம்ப்பா' என்றேன். அப்பா மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கூரை மேல் ஏறி சிலிக்கானைக் கிளறிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் 10,000 கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். எஸ்டிமேட் 34,000 என்றது 36,500-இல் வந்து நின்றது. இரண்டுக்கும் நோட்டில் இடம் இருக்கிறது. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய கூலி 1,500-ஐத்தான் ரிப்பேரில் எழுதுவதா, வேறு எதிலாவது எழுதுவதா என்று தெரியாமல் இன்னும் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.